கபடி ஆடிப் பழகிய கனமான எதிராளியை ஓப்பன் கார்டிலிருந்து ஸ்வீப் செய்வது எப்படி?

பாளை வெள்ளைப்பட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியில் மேட் விரித்து நடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பில் பழகிவருகிறேன். என் எடை 60 கிலோ. வகுப்பில் என்னோடு பெரும்பாலும் ரோல் செய்கிறவர், அதாவது பயிற்சிச் சண்டை போடுகிறவர், திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஊர் அணிக்காக நெடுங்காலம் கபடி ஆடியவர். எடை 85 கிலோவுக்குக் குறையாது. நின்றபடி மல்லுக்கட்டி அவரைக் கீழே கொண்டுவர என்னால் ஆகாது என்பதால், நானே உட்கார்ந்து, கீழே இருந்தபடி கால்களால் எதிராளியைத் தடுத்தாளும் கார்டு நிலைக்குப் போய்விடுகிறேன். அவருடைய இடுப்பைக் கால்களால் பூட்டிக்கொண்டாலும் அவர் எழுந்து நின்று பூட்டைத் திறந்துவிடுகிறார். ஆகவே என் ஆட்டம் ஏறத்தாழ முழுவதும் கால்களைப் பூட்டாத ஓப்பன் கார்டில்தான் நடக்கிறது.

கீழிருந்து எதிராளியைக் கவிழ்த்து மேலே வரும் ஸ்வீப்புகளில் பயிற்றுநர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை, கணுக்கால்களைத் தடுத்து இடுப்பைத் தள்ளும் ட்ரைபாட் ஸ்வீப்பும், எதிராளியின் முன்காலை வெளியிலிருந்து என் காலால் கொக்கியிடும் டெலாரிவா கார்டிலிருந்து செய்யும் சில ஸ்வீப்புகளும். ஒத்துழைக்கும் நண்பரோடு செய்யும்போது ட்ரைபாட் சரியாக வருகிறது. ஆனால் கபடிக்காரரோ இடுப்பைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி, தலையை முன்னே நீட்டிக் குனிந்தே நிற்கிறார். அவர் இடுப்பில் காலை வைத்துத் தள்ளினால் என் முதுகுதான் மேட்டின் மீது வழுக்கிப் பின்னால் போகிறதே தவிர அவர் அசைவதில்லை. எப்போதாவது அவர் உட்கார்ந்து விழுந்தாலும், நான் எழுவதற்குள் அவர் எழுந்து மீண்டும் என் மேல் வந்துவிடுகிறார்.

இது எடை வித்தியாசத்தால் மட்டுமே நேர்வதா, அல்லது அவருடைய நிற்கும் முறைக்கு ட்ரைபாட் பொருந்தாதா, பொருந்தாது என்றால் எதைப் பழக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். நாங்கள் கி எனப்படும் தடித்த பயிற்சி உடை அணிந்தே பழகுகிறோம்.


அம்பாசமுத்திரத்தார் எழுதியது:

தம்பி, கேள்வியை எழுதிய முறையிலேயே விடையின் பாதி இருக்கிறது. அவர் குனிந்து, இடுப்பைப் பின்னால் வைத்து, தலையை முன்னே நீட்டி நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நிற்பவருடைய எடை அவருடைய பாதங்களின் முன்பகுதியில், ஏறக்குறைய உங்கள் மீதே, இறங்கி நிற்கிறது. ட்ரைபாட் என்பதோ ஒருவரைப் பின்பக்கமாக உட்கார வைக்கும் ஸ்வீப். முன்னால் சாய்ந்து நிற்கும் 85 கிலோவைப் பின்னால் தள்ளும்போது அந்த எடை முழுவதையும் உங்கள் ஒற்றைக் கால் எதிர்கொள்கிறது. முதுகு வழுக்கிப் போகாமல் வேறு என்ன செய்யும்? எடை வித்தியாசத்தைக் குறை சொல்வதற்கு முன் திசையைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நிற்கிற மனிதனின் இரண்டு பாதங்களையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் போக்கில் தள்ளினாலும் இழுத்தாலும் அவர் உறுதியாக நிற்பார். கோட்டுக்குக் குறுக்கே, அதாவது பாதங்கள் இணையாக இருக்கும்போது முன்னும் பின்னும், அவருக்கு உள்ள ஆதாரம் பாதத்தின் நீளம் மட்டுமே. ஒரு காலை முன்னே வைத்து நின்றால் அந்தக் கோடு திரும்புகிறது. அவர் பலவீனமான திசையும் அதனோடு திரும்புகிறது. எந்த ஸ்வீப்பாக இருந்தாலும் அந்தக் குறுக்குத் திசையில்தான் அவரைக் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும்போது தப்பிக்க அவருக்கு இரண்டு வழிகள் உண்டு: விழும் பக்கம் காலை எடுத்து வைப்பது, அல்லது கையைத் தரையில் ஊன்றுவது. ஆகவே காலையும் கையையும் முன்கூட்டியே பிடித்துவைக்காமல் தொடங்கும் ஸ்வீப், எவ்வளவு வலுவோடு செய்தாலும், முடிவடையாது.

ஜூடோவில் இதை முதல் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். 1882இல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, எறிதல் என்பதை நிலை குலைத்தல், உடலைப் பொருத்துதல், முடித்தல் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கற்பித்தார். கோடோகனில் பழகிய மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்று, பின்னர் அங்கே கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து கிளைத்து வளர்ந்ததுதான் நாம் பழகும் கலை. ஜூடோவில் நின்று செய்யும் நிலைகுலைப்பைக் கார்டில் படுத்தபடி கால்களால் செய்கிறோம், அடிப்படை மாறவில்லை. நீங்கள் மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதே என் கணிப்பு.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். உங்கள் இடது கை அவருடைய வலது கையின் ஸ்லீவைப் பிடித்திருக்கட்டும். உங்கள் வலது கை குறுக்கே சென்று அவருடைய வலது பக்கத்துக் காலரை ஆழமாகப் பிடித்திருக்கட்டும். வலது பாதம் அவருடைய இடது இடுப்பில். இடது பாதம் அவருடைய வலது புயத்தில். இந்த நான்கு தொடர்புகளில் குறைந்தது மூன்று எப்போதும் இருக்க வேண்டும். இரண்டாகக் குறைந்துவிட்டால் ஸ்வீப்பை மறந்துவிட்டு முதலில் பிடியை மீட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து காலரையும் ஸ்லீவையும் உங்கள் தலைக்கு மேல் போகும்படி முன்னோக்கி இழுங்கள். பொய்யாக இழுக்கக்கூடாது. அவர் விழுந்துவிடுவார் என்று நம்பும் அளவுக்கு, முழங்கால்களை மடக்கி அவரை உங்கள் மீது ஏற்றிக்கொள்வதுபோல் இழுக்க வேண்டும்.

இழுத்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவர் உண்மையாகவே முன்னால் வருவார். அப்போது உங்கள் வேலை முன்பக்க ஸ்வீப். இரண்டு பாதங்களையும் அவர் இடுப்பில் வைத்து, அவருடைய எடை உங்கள் கால்களின் மேல் ஏறிய பிறகு கால்களை நீட்டி, தலைக்கு நேர் மேலாக அல்லாமல் ஒரு தோளுக்கு மேலாகக் கடத்த வேண்டும். ஜூடோவின் தோமோயே நாகேயின் தரைவடிவம் இது. விழுபவருக்கு உருளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பயிற்றுநர் அருகில் இல்லாமல் இதை முழு வேகத்தில் செய்ய வேண்டாம். இதைவிட எளியது காலர் டிராக். இழுக்கும் அதே நேரத்தில் உங்கள் இடுப்பை இடப்பக்கமாக நகர்த்தி, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய தோள் வந்து விழும்படி செய்தால், அவர் கைகளை ஊன்றி நிற்பார். நீங்கள் அவருடைய வலப் பக்கத்தில், முதுகுக்கு அருகில் எழுந்து வந்திருப்பீர்கள்.

இரண்டாவது, அவர் இழுப்பை எதிர்த்து நிமிர்வார். பெரும்பாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் கனமான மனிதர்கள் தங்கள் முதுகு வலுவை நம்புகிறவர்கள். நிமிர்கிற அந்தக் கணத்தில் அவருடைய எடை முன்பாதத்திலிருந்து குதிகாலுக்கு மாறுகிறது. ட்ரைபாட்டுக்கு உரிய நேரம் அதுவே. காலரை விட்டு, வலது கையை இறக்கி அவருடைய இடது கணுக்காலைப் பிடியுங்கள். வலது பாதம் இடுப்பிலேயே இருக்கட்டும். புயத்திலிருந்த இடது பாதத்தை இறக்கி அவருடைய வலது கணுக்காலுக்குப் பின்னால் கொக்கியாக மாட்டுங்கள். இப்போது அவருக்குப் பின்னால் வைக்க ஒரு காலும் இல்லை, வலது கையும் உங்களிடம் இருக்கிறது. கணுக்கால்கள் உங்களை நோக்கி வர, இடுப்பு உங்களைவிட்டு விலக, அவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்த நிலையில் 85 கிலோவை நீங்கள் தூக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. ஏற்கெனவே பின்னால் போய்க்கொண்டிருக்கும் எடைக்கு அடியில் இருந்த தாங்கலை எடுத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

கொக்கியிட்ட வலது காலை அவர் விடுவித்து மீண்டும் முன்னே வைத்தால், பிடித்த இடது கணுக்காலை மட்டும் விடாதீர்கள். உங்கள் கால்களை இடம் மாற்றுங்கள்: இடது பாதம் இடுப்புக்கு ஏறட்டும், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்து வலது காலைத் தரையோடு தரையாக அவருடைய கால்களுக்கு நடுவே செலுத்தி, அந்த வலது கணுக்காலைப் பின்னாலிருந்து அரிவாள் வீசுவதுபோல் வெட்டி இழுங்கள். சிக்கிள் ஸ்வீப் என்பது இதுதான். இரண்டையும் தனித்தனியாகக் கற்காமல் ஒரே நுட்பத்தின் இரு பாதிகளாகக் கற்பதே முறை.

டெலாரிவா பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் ஒரு காலை மிக முன்னே வைத்து நிற்கும்போது மட்டும் அதற்குப் போங்கள். பாதங்கள் இணையாக இருக்கும்போது வலிந்து அங்கே போக வேண்டியதில்லை.


தேரிமணல் எழுதியது:

நான் ஜியு-ஜிட்சுவுக்கு வந்தது பிந்தித்தான். அதற்கு முன் ராதாபுரம், திசையன்விளை வட்டாரங்களில் கபடியில் இடது மூலை ஆடியவன். அண்ணாச்சி சொன்ன திசைக் கணக்கு முற்றிலும் சரி. ஆனால் கபடிக்காரனின் உடல் எப்படிப் பழகியிருக்கிறது என்பதை உள்ளிருந்து சொன்னால் இன்னும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அந்த 30 விநாடியும் எதிர் அணியின் ஏழு பேரும் பாடி வருகிறவரின் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கணுக்காலில் விரல் பட்டதும் காலைப் பின்னால் உருவுவது கபடிக்காரனுக்கு யோசித்துச் செய்யும் செயலே அல்ல. அது தானாக நடந்துவிடும். அதிலும் எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடியும் ஆடியும் வளர்ந்தவர்களுக்குக் கணுக்கால் மிகவும் வலுவாக இருக்கும். பிடித்த காலை உதறி எடுப்பதில் அவர்களை வெல்வது கடினம். உங்கள் நண்பரிடமிருந்து ட்ரைபாட்டில் ஒவ்வொரு முறையும் கால் நழுவிப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இந்தப் பழக்கத்தையே அவருக்கு எதிராகத் திருப்பலாம். மூலையில் ஆடுகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது, எடை தாங்கி நிற்கும் காலைப் பிடி, எடையில்லாத காலைப் பிடித்தால் உதறிவிட்டுப் போய்விடுவான் என்பதுதான். நீங்கள் அவருடைய இடது கணுக்காலைத் தொட்டதும் அவர் அதை உருவுவார் என்றால், உருவுகிற அந்த நேரம் முழுவதும் அவருடைய எடை மொத்தமும் வலது காலில் நிற்கிறது. அந்தக் காலை அவரால் அசைக்கவே முடியாது. ஆகவே இடது கணுக்காலைத் தொடுவதை ஒரு தூண்டலாக மட்டும் வைத்துக்கொண்டு, வலது கணுக்காலில் கொக்கியை அதற்கு முன்பே மாட்டி வைத்திருங்கள். ஸ்லீவையும் விடாதீர்கள். அவர் இடது காலைத் தூக்கும்போது அவருடைய இடுப்பைத் தள்ளிக் கொக்கியை இழுத்தால், ஒற்றைக் காலில் நிற்கும் மனிதர் விழாமல் இருக்க வழியில்லை.

இன்னொன்று. கபடியில் ஆடுகிறவனுக்கு முன்னால் ஆள் இருந்தால் தொடவேண்டும் அல்லது தப்பவேண்டும். பிடியோடு பிடியாக ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும் பழக்கம் இல்லை. காலரிலும் ஸ்லீவிலும் நல்ல பிடி கிடைத்தபின் அவசரப்படாமல் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தால், அவரே பொறுமை இழந்து ஒரு பக்கம் அசைவார். அந்த அசைவுக்காகக் காத்திருங்கள்.


குற்றாலச் சாரல் எழுதியது:

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். ஊதாப் பட்டை, 52 கிலோ, என்னைவிடக் கனமில்லாத ஒருவரோடு ரோல் செய்யும் வாய்ப்பு எனக்கு அரிதாகவே கிடைக்கும். எனவே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

அண்ணாச்சியின் முறை சரியே என்றாலும், எடை குறைந்தவர்கள் எதிராளியின் இடுப்புக்கு அடியில் நுழையும் கார்டுகளையும் சீக்கிரமே பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூரத்தில் வைத்துத் தள்ளும்போது காலின் நீளமும் பலமும் கணக்கில் வருகின்றன. அடியில் நுழைந்துவிட்டால் அவருடைய எடை உங்கள் எலும்பின் மேல் நிற்கிறது, தசையின் மேல் அல்ல. எக்ஸ் கார்டில் அவருடைய ஒரு கால் உங்கள் தோளில் இருக்கும்; மற்றக் காலை உங்கள் இரு பாதங்களும், ஒன்று முழங்காலுக்குப் பின்னும் ஒன்று தொடைக்கு மேலுமாக, பிரித்து நிறுத்தும். அங்கே அவர் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் உங்களுக்கு ஒரு ஸ்வீப் இருக்கிறது. இந்தக் கார்டைப் பரவலாக்கிய மார்செலோ கார்சியா, ஏடிசிசி என்னும் பன்னாட்டு மல்பிடிப் போட்டியில் 77 கிலோவுக்கு உட்பட்ட பிரிவை 2003, 2005, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். எடை வரம்பில்லாத பிரிவிலும் தன்னைவிட மிகக் கனமானவர்களை வென்றவர். அவருடைய ஆட்டத்தைப் பார்த்தால், ஸ்வீப் பாதி முடிந்ததுமே அவர் எழுந்துகொண்டிருப்பதைக் காணலாம்.

அதுவே தம்பியின் கேள்வியில் இதுவரை யாரும் தொடாத பகுதி. எதிராளி விழுந்தும் நீங்கள் மேலே வர முடியவில்லை என்றால், விழவைத்தது ஸ்வீப் ஆகாது. பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி, கார்டிலோ, எதிராளியின் ஒரு காலை மட்டும் பூட்டிய அரைக் கார்டிலோ கீழே இருந்தவர் நிலையைப் புரட்டி மேலே வந்து, அங்கே 3 விநாடி நிலைத்தால்தான் 2 பாயிண்ட் கிடைக்கும். அவர் உட்கார்ந்து விழுந்து, இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒன்றும் இல்லை.

எழுவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ட்ரைபாட்டில் அவர் விழும்போது உங்கள் வலது கையில் அவருடைய இடது கணுக்காலும், இடது கையில் அவருடைய வலது ஸ்லீவும் இருக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர்கள் எழுவதற்காகக் கையைத் தரையில் ஊன்ற வேண்டும் என்று எண்ணி, இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். விட்ட கணத்திலேயே அவர் விடுதலை ஆகிவிடுகிறார். மாறாக, ஸ்லீவைப் பிடித்தபடியே இருங்கள். அவர் பின்னால் விழும் வேகமே உங்களை இழுத்து எழுப்பிவிடும். கணுக்காலை உங்கள் இடுப்பை நோக்கி ஒட்டி இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் உங்களிடம் இருக்கும்வரை அவரால் இரண்டு பாதங்களையும் தன் அடியில் வைத்து எழ முடியாது. கொக்கியாக இருந்த உங்கள் இடது காலை மடக்கி, அதன் முழங்காலின் மேல் முதலில் ஏறுங்கள். தலை முன்னே வரவேண்டும். தலை பின்தங்கினால் இடுப்பு எழாது. முழுவதும் எழுந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மார்பு அவருடைய தொடைக்கு மேல் வந்து அழுத்தினாலே நீங்கள் மேலே இருக்கிறீர்கள். அவர் கார்டைத் திறந்து உங்களைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாலும் ஸ்வீப் ஸ்வீப்பே. அங்கே 3 விநாடி உறுதியாக நின்ற பிறகு கார்டைக் கடக்கும் வேலையைத் தொடங்கலாம். அதற்கு வேறாக 3 பாயிண்ட் உண்டு.

இதற்கு ஒரு பயிற்சி: நண்பரை மெதுவாக உட்காரச் சொல்லி, ஸ்வீப்பின் கடைசிப் பகுதியை, அதாவது விழுந்த நிலையிலிருந்து எழுவதை மட்டும், தனியாகச் செய்யுங்கள். எங்கள் வகுப்பில் பெண்கள் பலரும் இப்படிப் பழகியே பெரிய ஆட்களின் மேல் வரத் தொடங்கினார்கள்.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். எக்ஸ் கார்டோ, ஒற்றைக் காலில் மாட்டும் சிங்கிள் லெக் எக்ஸோ பழகும்போது, உங்கள் பாதம் அவருடைய தொடைக்கு மேலாகச் சென்று உடலின் நடுக்கோட்டைத் தாண்டி முழங்காலை உள்பக்கமாக நெருக்கக்கூடாது. கி போட்டிகளில் அது விதிமீறல். அதைவிட முக்கியமாக, பாதம் தரையில் ஊன்றி நிற்கும்போது முழங்கால் பக்கவாட்டில் முறுகினால் தசைநார் கிழியும். ஸ்லீவைப் பிடிக்கும்போது விரல்களைக் கைத்துளைக்குள் விட்டுப் பிடிக்காதீர்கள். அதுவும் விதிமீறல்தான், விரலும் முறுகும். துணியை வெளியிலிருந்து மடித்துப் பிடியுங்கள்.


அம்பாசமுத்திரத்தார் எழுதியது:

சகோதரி எழுந்து வருவதைப் பற்றி எழுதியவை மிகச் சிறந்தவை. என் பதிலில் நான் எழுதாமல் விட்ட பகுதியை அவர் நிறைவு செய்துவிட்டார். தேரிமணல் சொன்ன எடைதாங்கும் கால் பற்றிய குறிப்பையும் என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எக்ஸ் கார்டைப் பற்றி மட்டும் என் கருத்து சற்று மாறுபடுகிறது. அது கனமானவர்களுக்கு எதிராக வலிமையான கார்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அடியில் நுழைவதற்கு முதலில் அவரை முன்னால் இழுத்து, அவருடைய இடுப்பு உங்களுக்கு மேல் வரும்படி செய்ய வேண்டும். காலர், ஸ்லீவ், இடுப்பில் பாதம் என்னும் மூன்றாலும் எதிராளியை முன்னும் பின்னும் அசைக்கத் தெரியாதவர் அங்கே நுழைய முற்பட்டால், 85 கிலோ அவருடைய மார்பின் மேல் உட்கார்ந்துவிடும். வெள்ளைப் பட்டையில் இருப்பவர் முதலில் இந்தத் தூரக் கார்டிலேயே நிலைகுலைப்பைக் கற்றுக்கொள்ளட்டும். அதன் பிறகு அடியில் நுழைவது தானாகவே எளிதாகும். வரிசையைப் பற்றியதே என் மறுப்பு.


குற்றாலச் சாரல் எழுதியது:

அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் சிறிய உடல்வாகு உள்ளவர்கள் நெடுங்காலம் தூரக் கார்டிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காலின் பலம் தீர்ந்ததும் அவர்களுடைய கார்டும் தீர்ந்துவிடுகிறது. இரண்டையும் அருகருகே பழகுவதற்குத் தடை இல்லை என்றே கருதுகிறேன். குறைந்தது, அவர் முன்னால் வந்து மேலே ஏறும்போது இரு பாதங்களையும் அவருடைய தொடைகளுக்கு உள்ளே கொக்கியாக வைக்கும் பட்டர்ஃபிளை நிலையையாவது தம்பி இப்போதே பழகட்டும். அங்கிருந்து எக்ஸுக்குச் செல்லும் வழி குறுகியது.


பாளை வெள்ளைப்பட்டை எழுதியது:

அண்ணாச்சிக்கும், அக்காவுக்கும், தேரிமணல் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை எழுதிவைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நண்பரிடம் எதையும் மறைக்காமல், இந்தப் பதில்களை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். கணுக்காலைத் தொட்டால் கால் தானாகவே பின்னால் போகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். போகாமல் நிறுத்த முயன்றும் அவரால் முடியவில்லை.

முன்னால் இழுத்து, நிமிரும்போது ட்ரைபாட்டுக்கு மாறுவது இப்போது ரோலிலும் ஓரளவு வருகிறது. அவர் நிமிரும்போது பாதத்தின் முன்பகுதி லேசாக எழுவதைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஸ்லீவை விடாமல் எழுவதும் வந்துவிட்டது. ஆனால் புதிதாக ஒரு தடை வந்திருக்கிறது. இழுக்கத் தொடங்கியதும் அவர் இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடுகிறார். அப்போது பிடிக்கக் கணுக்காலும் இல்லை, நிமிர்வதும் இல்லை. இந்த நிலையில் எதைச் செய்வது?


தேரிமணல் எழுதியது:

அவர் முழங்காலிட்டுவிட்டார் என்றால் அவருடைய ஓடும் கால்களை அவரே உங்களுக்காகக் கட்டிப்போட்டுவிட்டார் என்று கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு முழங்காலில் நின்று ஆடும் பழக்கம் கபடியில் கிடையாது. தயங்காமல் அங்கேயே வேலையைத் தொடங்குங்கள்.


அம்பாசமுத்திரத்தார் எழுதியது:

தம்பி, முழங்காலில் நிற்பவருக்குப் பின்பக்கம் விழும் வாய்ப்பு குறைவு. பாதங்களும் கீழ்க்கால்களும் பின்னால் நீண்டு தாங்கலாக இருக்கின்றன. முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும்தான் அவருக்குத் தாங்கல் இல்லை, அதுவும் கை ஊன்ற முடியாவிட்டால் மட்டும். எனவே இங்கே இரண்டு வழிகள் உங்களுக்குப் போதும்.

முதலாவது, சகோதரி குறிப்பிட்ட பட்டர்ஃபிளை. எழுந்து உட்காருங்கள், மல்லாந்து படுத்தபடி இதைச் செய்ய முடியாது. உங்கள் தலை அவருடைய தாடைக்குக் கீழே இருக்கட்டும். இடது கையில் உள்ள அவருடைய வலது ஸ்லீவை உங்கள் இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொள்ளுங்கள். வலது கையை அவருடைய அக்குளுக்கு அடியில் செலுத்தி முதுகில் பெல்ட்டைப் பிடியுங்கள். வலது பாதம் அவருடைய இடது தொடைக்கு உள்ளே கொக்கியாக இருக்கும். உங்கள் இடது தோள் தரையைத் தொடும்படி இடப்பக்கம் சாய்ந்து, வலது கொக்கியால் தொடையை உயர்த்தினால், வலது கையை ஊன்ற முடியாத அவர் அந்தப் பக்கமே உருள்வார். நேராகப் பின்னால் சாயாதீர்கள். சாய்ந்தால் அவருடைய முழு எடையும் உங்கள் மேல் இறங்கும்.

இரண்டாவது, அவர் பட்டர்ஃபிளையை உணர்ந்து எடையைப் பின்னுக்கு வாங்கிக் குதிகால்களின் மேல் உட்கார்ந்தால், உங்களுக்கும் அவருக்கும் நடுவே இடம் பிறக்கிறது. அப்போது ஸ்வீப்புக்கு முயலாமல், ஸ்லீவைப் பிடித்தபடியே ஒரு கையை உங்களுக்குப் பின்னால் ஊன்றி டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப் செய்து எழுந்துவிடுங்கள். அவர் முழங்காலில், நீங்கள் காலில். காலரைப் பிடித்துத் தலையைக் கீழே அழுத்தியபடி அவருடைய பக்கவாட்டுக்குச் சுற்றுங்கள். அவர் எழ முயன்று ஒரு பாதத்தை முன்னே வைக்கும்போது அந்தக் கணுக்கால் உங்கள் கைக்கு மிக அருகில் இருக்கும்.

வகுப்பில் அவரை முழங்காலில் நிற்கவைத்தே சில சுற்றுகள் ரோல் செய்யக் கேளுங்கள். நண்பர் இவ்வளவு ஒத்துழைக்கிறவர் என்றால் மறுக்கமாட்டார். அவருக்கும் கார்டைக் கடக்கும் பயிற்சி கிடைக்கும்.